ஊசி சரி, இடம் தவறு: தோளுக்கு யார் பொறுப்பு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தடுப்பூசி போட்டுக்கொண்ட கை ஓரிரு நாள் வலிப்பது எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பெரும்பாலோருக்கு மூன்றாம் நாள் அந்த வலி நினைவில்கூட இருக்காது.

ஆனால் மிகச் சிலருக்கு வலி போவதில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஒரு மாதம் ஆன பிறகும் தலை வார முடியவில்லை. முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. போட்டுக்கொண்டதோ சாதாரண சளிக்காய்ச்சல் தடுப்பூசி. வந்ததோ மாதக்கணக்கில் நீடிக்கும் தோள் வலி.

இப்படி ஒருவருக்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? மருந்து தயாரித்த நிறுவனமா? ஊசி போட்ட தாதியா? போட்டுக்கொள்ளும்படி சொன்ன அரசாங்கமா? அல்லது "உங்கள் நேரம் சரியில்லை" என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதா? இந்தக் கேள்விக்கு அமெரிக்கா சட்டத்தின் வழியாக ஒரு விடை கண்டிருக்கிறது. குறைகள் உள்ள விடைதான். ஆனாலும் அறிந்துகொள்ள வேண்டிய விடை.

தோளுக்குள் என்ன நடக்கிறது?

மேல் கையில் முக்கோண வடிவில் இருக்கும் தசைக்கு டெல்டாய்ட் என்று பெயர். பெரியவர்களுக்கான பெரும்பாலான தடுப்பூசிகள் இந்தத் தசையின் நடுப்பகுதியில்தான் இறங்க வேண்டும். தோளின் உச்சியில் தட்டுப்படும் எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே என்பது தாதியருக்குக் கற்றுத் தரப்படும் கணக்கு.

அந்த எலும்புக்குக் கீழே, தசைக்கு அடியில், மெல்லிய நீர்ப்பை ஒன்று இருக்கிறது. எலும்பும் தசைநாணும் ஒன்றோடொன்று உராயாமல் இருக்க உதவும் மெத்தை அது. ஊசி மிக மேலே குத்தப்பட்டு ஆழமாகவும் இறங்கிவிட்டால், மருந்து தசைக்குப் பதிலாக இந்தப் பையில் போய்ச் சேரலாம். தடுப்பூசியின் வேலையே உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புவதுதான். தசைக்குள் நடக்க வேண்டிய அந்த வேலை மூட்டருகே நடந்தால் அங்கே அழற்சி உண்டாகிறது. ஊசி குத்திய காயம் சில நாளில் ஆறிவிடும். அந்த அழற்சி ஆற மாதங்கள் ஆகலாம் என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். சிலருக்கு அது "உறைந்த தோள்" என்னும் இறுகிய நிலைவரை போகிறது.

அமெரிக்க மருத்துவர்கள் இருவர், இத்தகைய இரண்டு நோயாளிகளைப் பற்றி 2007ஆம் ஆண்டு "வேக்சின்" என்னும் ஆய்விதழில் எழுதினார்கள். 2010இல் அதே இதழில், இழப்பீடு கேட்டு அரசாங்கத்திடம் வந்த 13 பேரின் மருத்துவக் கோப்புகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை வெளிவந்தது. அந்த 13 பேரும் பெரியவர்கள். ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருந்தது. அந்தக் கட்டுரைதான் இந்தப் பாதிப்புக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. "தடுப்பூசி செலுத்துவதால் ஏற்படும் தோள் காயம்" என்பது அதன் பொருள். ஆங்கிலச் சுருக்கம் சிர்வா. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நிபுணர் குழுவும் 2011ஆம் ஆண்டு அறிக்கையில், ஊசி குத்துவதற்கும் இந்த நீர்ப்பை அழற்சிக்கும் தொடர்பு இருப்பதைச் சான்றுகள் உறுதியாகக் காட்டுகின்றன என்று முடிவு செய்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழுது மருந்தில் இல்லை. அதே குப்பியிலிருந்து அதே மருந்து இரண்டு அங்குலம் கீழே இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இந்தச் சிறிய உண்மைதான் பின்னாளில் பெரிய சட்டச் சண்டைக்குக் காரணமாயிற்று.

நீதிமன்றம் வந்த கதை

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கக்குவான் தடுப்பூசியைப் பற்றிப் பெரும் அச்சம் பரவியது. 1982இல் வாஷிங்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்று ஒளிபரப்பிய விவரணப் படம் அந்த அச்சத்தை மேலும் கிளறிவிட்டது. மருந்து நிறுவனங்கள்மீது வழக்குகள் குவிந்தன. சில நிறுவனங்கள் தயாரிப்பையே நிறுத்தின. விலை பல மடங்கு உயர்ந்தது. குழந்தைகளுக்குப் போட மருந்தே கிடைக்காமல் போய்விடுமோ என்ற நிலை.

அதன் விளைவாக 1986ஆம் ஆண்டு, தேசிய குழந்தைப் பருவத் தடுப்பூசிக் காயச் சட்டம் நிறைவேறியது. அதிபர் ரானல்ட் ரேகன் அதில் கையெழுத்திட்டார். 1988 அக்டோபர் முதல் தேதி இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது.

திட்டத்தின் அடிப்படை எளிமையானது. திட்டத்துக்கு உட்பட்ட தடுப்பூசி ஒவ்வொன்றின் விலையிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 காசு வரியாகச் சேர்க்கப்படுகிறது. சளிக்காய்ச்சல் ஊசிக்கு 75 காசு. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு 2 டாலர் 25 காசு. அந்தப் பணம் ஒரு நிதியில் சேர்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு அந்த நிதியிலிருந்து இழப்பீடு தரப்படுகிறது. அதாவது, ஊசியால் நன்மை பெற்ற இலட்சக்கணக்கானோர் ஆளுக்குச் சில காசு போட்டு, அடிபட்ட ஒருவரைத் தாங்குகிறார்கள். நம் ஊரில் மரணச் சடங்குக்கு அக்கம்பக்கத்தார் கைமாற்றாகக் கொடுக்கும் மொய் போன்றது அது. 1988 முதல் இதுவரை 500 கோடி டாலருக்கு மேல் இப்படி வழங்கப்பட்டிருக்கிறது.

மனுவை வாஷிங்டனில் உள்ள கூட்டரசு கோரிக்கை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்மனுதாரர் சுகாதார, மனிதச் சேவைகள் அமைச்சர். மருந்து நிறுவனம் அங்கே வருவதில்லை. ஊசி போட்ட தாதியும் வருவதில்லை. நடுவர் குழுவினர் யாரும் இல்லை. "சிறப்பு நடுவர்" என்ற பதவியில் இருப்பவர் மனுவை விசாரித்து முடிவு சொல்கிறார்.

இதில் யார் தவறு செய்தார் என்று காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. வழக்கமான நீதிமன்றத்தில் தாதியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். கூட்டமான மருந்தகத்தில் ஒரு நிமிடத்தில் முடிந்துபோன காரியத்துக்குச் சாட்சி யார்?

48 மணி நேரம், ஆறு மாதம், மூன்று ஆண்டு

சட்டத்தோடு ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தத் தடுப்பூசி, எந்தப் பாதிப்பு, எவ்வளவு நேரத்துக்குள் என்று அதில் எழுதியிருக்கும். பட்டியலுக்குப் பொருந்தினால், ஊசிதான் காரணம் என்று சட்டமே ஏற்றுக்கொள்ளும். வேறு காரணம் இருப்பதாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசாங்கத்துக்குப் போய்விடும். பட்டியலில் இல்லாவிட்டால், மருத்துவ நிபுணர்களைக் கொண்டு மனுதாரரே நிரூபிக்க வேண்டும்.

தோள் காயம் 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. ஊசிக்கு முன்பு அந்தத் தோளில், இப்போதைய பாதிப்புக்குக் காரணமாகக் கூடிய வலியோ குறையோ இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளில் மட்டுமே இருக்க வேண்டும. கழுத்து நரம்புக் கோளாறு போன்ற வேறு காரணம் இருக்கக் கூடாது.

இவற்றோடு இன்னும் இரண்டு. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் தங்கி அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்க வேண்டும். முதல் அறிகுறி தோன்றிய மூன்று ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும். ஐந்து மாதம் துடித்துவிட்டு ஆறாவது மாதம் முழுமையாகக் குணமடைந்தவருக்கு ஒன்றும் கிடையாது.

மனு ஏற்கப்பட்டால் மருத்துவச் செலவும் வருமான இழப்பும் கிடைக்கும். வலிக்கும் வேதனைக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. அதற்கு உச்சவரம்பு 250,000 டாலர். 1986இல் எழுதிய அந்த எண் இன்றுவரை மாறவில்லை. பெரும்பாலான தோள் வழக்குகள் அந்த வரம்பை எட்டுவதும் இல்லை.

வழக்கறிஞருக்கான கட்டணத்தையும் அதே நிதி கொடுக்கிறது. நியாயமான காரணத்தோடு, நல்லெண்ணத்தோடு தொடுத்த மனு தோற்றாலும் கொடுக்கிறது. கிடைக்கும் இழப்பீட்டில் வழக்கறிஞர் பங்கு கேட்கக் கூடாது. ஏழை ஒருவர் வாசலிலேயே திரும்பிப் போகாமல் இருக்க இது பெரிய உதவி.

வழக்கைத் தீர்மானிக்கும் ஒரு வரி

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் பலர் தடுமாறுகிறார்கள்? காரணம் ஏட்டில் இருக்கிறது.

பேரங்காடியில் பெட்டிகளை அடுக்கும் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் மாதம் இடது கையில் ஊசி போட்டுக்கொள்கிறார். அன்று இரவே வலி. "ஊசி போட்டால் வலிக்கத்தானே செய்யும்" என்று இருந்துவிடுகிறார். வலிமாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையும். டிசம்பர் மாதம், இனி முடியாது என்ற நிலையில் மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் அவசரத்தில் "தோள் வலி, சில வாரங்களாக" என்று எழுதிவிடுகிறார். ஊசியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை.

ஓராண்டு கழித்து வழக்கறிஞர் அந்தக் கோப்பைப் பார்க்கும்போது, 48 மணி நேரம் என்ற நிபந்தனைக்குச் சான்று இல்லை. "சில வாரம்" என்ற ஒரு சொல் அவருக்கு எதிராக நிற்கிறது. இன்னொரு சிக்கலும் பல வழக்குகளில் வருகிறது. ஊசி போட்டது இடது கையில், மருந்தகத்தின் கணினியில் பதிந்திருப்பது வலது கை என்று. எல்லாருக்கும் ஒரே மாதிரி பதியும் பழக்கத்தால் வரும் கோளாறு இது.

சிறப்பு நடுவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்லர். குடும்பத்தார், உடன் வேலை செய்பவர்களின் சத்தியப் பிரமாணங்களையும் பார்க்கிறார்கள். ஊசி போட்டால் வலிக்கும் என்று நினைத்து மக்கள் தாமதிப்பது இயல்பு என்பதையும் அறிந்திருக்கிறார்கள். ஆனாலும் வலி வந்த வேளையில் எழுதப்பட்ட ஏட்டுக்கு உள்ள மதிப்பு, பின்னர் சொல்லும் வாய்ச்சொல்லுக்கு இல்லை. உண்மையாகவே பாதிக்கப்பட்டவர் ஒரு வரி விடுபட்டதால் ஆண்டுக்கணக்கில் அலைய நேர்கிறது.

தோளைப் பட்டியலிலிருந்து நீக்கும் முயற்சி

2017க்குப் பிறகு தோள் மனுக்கள் வேகமாகப் பெருகின. புதிதாக வரும் மனுக்களில் ஏறத்தாழ பாதி இந்த வகை என்னும் அளவுக்கு வந்தது. சட்டத்தில் சிறப்பு நடுவர் பதவிகளோ எட்டே எட்டு.

2020 ஜூலையில் அமெரிக்கச் சுகாதார அமைச்சு, தோள் காயத்தைப் பட்டியலிலிருந்து நீக்கும் யோசனையை வெளியிட்டது. அது சொன்ன காரணத்தில் ஒரு வாதம் இருக்கத்தான் செய்கிறது. இது மருந்தால் வரும் தீங்கு அல்ல, ஊசி போடும் முறையில் வரும் தவறு. தவறு செய்தவர் பொறுப்பேற்கட்டும். தடுப்பூசியின் தீங்குக்காகச் சேர்த்த பணத்தை இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

அந்த விதி 2021 ஜனவரியில், அப்போதைய அரசாங்கத்தின் கடைசி நாள்களில் இறுதி செய்யப்பட்டது. அடுத்து வந்த அரசாங்கம் அது நடப்புக்கு வருமுன் ஒத்திவைத்து, ஏப்ரல் மாதம் ரத்து செய்தது. தோள் காயம் பட்டியலில் நிலைத்தது.

அது நிலைத்தது ஏன் முக்கியம்? ஊசிமுனையும் மருந்தும் பிரிக்க முடியாதவை. ஊசி இல்லாமல் அந்த மருந்து உடலுக்குள் போகாது. வெறும் உப்புநீர் அதே இடத்தில் இறங்கியிருந்தால் இவ்வளவு நீண்ட அழற்சி வந்திருக்காது என்பதே மருத்துவர்களின் விளக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தோளைத் திட்டத்திலிருந்து வெளியேற்றியிருந்தால், பாதிக்கப்பட்டவர் தாதியின்மீதும் மருந்தாளர்மீதும் வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு ஊசி போடும் தாதி, ஒவ்வொரு கையையும் வழக்காகப் பார்க்கத் தொடங்குவார். தடுப்பூசி முகாமுக்கு யார் முன்வருவார்கள்? 1986இல் மருந்து நிறுவனங்களுக்கு வந்த அச்சம் ஊசி போடுபவர்களுக்கு வந்திருக்கும்.

குப்பி மாறினால் நீதி மாறுகிறது

இந்தத் திட்டத்தின் ஓட்டைகளையும் மறைப்பதற்கில்லை. குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ பொதுவாகப் பரிந்துரைக்கப்பட்டு, வரியும் விதிக்கப்பட்ட தடுப்பூசிகள் மட்டுமே இதில் அடங்கும். முதியவர்கள் போட்டுக்கொள்ளும் அக்கித் தடுப்பூசி இதில் இல்லை.

கொவிட் தடுப்பூசியும் இதில் சேர்க்கப்படவில்லை. அதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேறொரு திட்டம். அங்கே மனுவுக்குக் கெடு ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுதான். வலிக்கும் வேதனைக்கும் தொகை கிடையாது. வழக்கறிஞர் கட்டணம் கிடையாது. நீதிமன்றமும் கிடையாது, அதிகாரிகளே முடிவு செய்கிறார்கள். ஒரே மனிதர், ஒரே தோள், ஒரே தாதி. குப்பியின் மேலிருக்கும் பெயர் மாறினால் கிடைக்கும் நீதியும் மாறுகிறது.

மற்ற நாடுகளிலும் இழப்பீடு உண்டு. ஜெர்மனி 1961லேயே தொடங்கியது. பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி 120,000 பவுண்டு கிடைக்கும், ஆனால் உடல் 60 விழுக்காடு முடங்கியிருக்க வேண்டும். ஒரு தோளை வைத்துக்கொண்டு அந்த அளவை எட்டுவது அரிது. 2021இல் கொவிட் தடுப்பூசிக்காகச் சிங்கப்பூர் 225,000 வெள்ளி வரையும், மலேசியா 500,000 ரிங்கிட் வரையும் நிதியுதவி அறிவித்தன. அவை கடுமையான பாதிப்புகளை மனத்தில் வைத்து உருவானவை. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் பிழைப்பைக் கெடுக்கும் காயம் ஒன்றைப் பெயர் சொல்லிப் பட்டியலில் எழுதியிருப்பது அமெரிக்கத் திட்டத்தின் தனிச்சிறப்பு.

இங்குள்ள பெற்றோர் பலருக்கு ஒரு தகவல் பயன்படும். அமெரிக்கத் திட்டத்தில் மனு செய்ய அந்நாட்டுக் குடியுரிமை வேண்டியதில்லை. அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்கு அங்கே போட்ட ஊசியால் தோள் பாதிக்கப்பட்டால், அந்தப் பிள்ளையும் மனு செய்யலாம்.

வருமுன் காப்பது எப்படி?

இழப்பீடு எவ்வளவு கிடைத்தாலும் நல்ல தோளுக்கு ஈடாகாது. இந்தக் காயமோ பெரும்பாலும் தடுக்கக் கூடியது.

ஊசிக்குப் போகும் நாளில் கையை முழுவதும் திறக்க வசதியான உடை அணியுங்கள். கழுத்துப் பட்டியைக் கீழே இழுத்துக் காட்டினால் தோளின் மேற்பகுதிதான் தெரியும், ஊசியும் அங்கேயே இறங்கும். நீங்கள் உட்கார்ந்திருந்தால், ஊசி போடுபவரும் உட்கார்ந்து போடுவது நல்லது. நின்றபடி மேலிருந்து போடும்போது ஊசி உயரமாக இறங்க வாய்ப்பு அதிகம். எலும்பைத் தொட்டுப் பார்த்து அளந்து போடும்படி பணிவாகக் கேட்பதில் தவறில்லை. ஊசியின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒல்லியானவருக்கு 16 மில்லிமீட்டர் போதும், பெருத்த உடம்புக்காரருக்கு 38 மில்லிமீட்டர்கூடத் தேவைப்படலாம்.

எந்தத் தேதி, எந்தக் கை, எந்த ஊசி என்பதை வீட்டு நாள்காட்டியிலாவது குறித்து வையுங்கள். ஒரு வாரம் ஆகியும் கையைத் தூக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். "இந்தத் தேதியில் ஊசி போட்டேன், அன்றே வலி தொடங்கியது" என்று சொல்லி, அதை எழுதிக்கொள்ளவும் கேளுங்கள். எந்த நாட்டில் இருந்தாலும் சிகிச்சைக்கு அது உதவும். வழக்கு என்று வந்தால் அதற்கும் உதவும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஊசியே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் போடப்படும் ஊசிகளில் இந்தக் காயம் அரிது. சளிக்காய்ச்சலால் முதியவர்கள் இறப்பது அரிதல்ல.

காயத்தைப் பற்றிப் பேசினால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். பயம் பேச்சால் வருவதைவிட மூடி மறைப்பதால்தான் அதிகம் வருகிறது. "எல்லாருடைய நலனுக்காகவும் கையை நீட்டுங்கள்" என்று கேட்கிற சமுதாயம், "நீட்டிய கைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பார்த்துக்கொள்கிறோம்" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது வாக்கியத்துக்கான விலைதான் ஊசிக்கு 75 காசு.